தமிழில் தன்னைக் கண்டவர்

நுழையும்முன்

அயல்நாட்டில் வாழ்ந்து அந்நாட்டு மக்களைப் பற்றித் தம் நாட்டாருக்கு எழுதுவோர் எக்காலத்திலும் உண்டு. செய்தித்தாள்கள் பரவுவதற்கு முன்னர் அப்பணியைக் கடிதங்கள் செய்தன. எழுத வந்தவர், தாம் வாழும் நாட்டின் மொழியிலேயே எழுதத் தொடங்கினால் என்ன நிகழும்? எழுத்தின் வழியே அவரும் மாறுவாரா? இத்தாலியில் பிறந்து, தமிழ்நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து, வீரமாமுனிவர் என்னும் பெயரால் நிலைபெற்ற ஒருவரின் வாழ்வை இக்கேள்வியோடு அணுகுவோம்.

விராலிமலையும் ஆவூரும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையில் விராலிமலை இருக்கிறது. மயில்கள் உலவும் குன்று, குன்றின்மேல் முருகன் கோயில், அருணகிரிநாதர் பாடிய திருப்புகழ், கோயிலைச் சார்ந்து வளர்ந்த சதிராட்டம் ஆகியவற்றால் அவ்வூர் பெயர் பெற்றது. அதே விராலிமலை ஒன்றியத்தில் ஆவூர் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. அங்கே 1747இல் கட்டப்பட்ட பழைய கிறித்தவத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. அதற்கு முன்பே, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், ஆவூரைத் தம் பணிக்களமாகக் கொண்டவர் பூஷே என்னும் பிரெஞ்சு நாட்டுத் துறவி. அவருக்குப் பின் அங்குப் பணியாற்றியவர்களுள் ஒருவர்தாம் வீரமாமுனிவர்.

அக்கால ஆவூரை அமைதியான சிற்றூர் என்று எண்ணிவிடக் கூடாது. வடக்கே திருச்சிராப்பள்ளி நாயக்கர். கிழக்கே தஞ்சை மராத்தியர். அருகிலேயே புதிதாக வலிமை பெற்று வந்த புதுக்கோட்டைத் தொண்டைமான். இம்மூன்று அரசுகளுக்கும் இடைப்பட்ட வானம் பார்த்த நிலத்தில் ஆவூர் கிடந்தது. படைகள் நடந்தால் விளைச்சல் அழியும். மழை பொய்த்தால் ஊரே வெளியேறும். இத்தகைய ஊரிலிருந்துதான் பூஷே ஐரோப்பாவுக்கு நீண்ட கடிதங்களை எழுதினார். தமிழ்நாட்டு ஊர்களில் வழக்குகள் எவ்வாறு தீர்க்கப்படுகின்றன என்பதை விளக்கி அவர் 1714இல் எழுதிய கடிதம், இன்றும் வரலாற்றாசிரியர்களுக்குச் சான்றாக உதவுகிறது.

இக்கடிதங்கள் தனிமனிதருக்கு எழுதப்பட்டவை போலத் தோன்றினும், பலர் படிப்பதற்காக எழுதப்பட்டவையே. பாரிசில் 1702 முதல் அவை தொகுதி தொகுதியாக அச்சிடப்பட்டன. அதே தொகுதிகளில் சீனாவிலிருந்து வந்த கடிதங்களும் இடம்பெற்றன. வால்டேர் போன்ற சிந்தனையாளர்கள் கீழை நாடுகளைப் பற்றி அறிந்தது பெரிதும் இவற்றின் வழியேதான். பீகிங்கின் அரண்மனையும் ஆவூரின் மண்குடிலும் ஒரே நூலின் அடுத்தடுத்த பக்கங்களில் ஐரோப்பியர் கைக்கு வந்து சேர்ந்தன.

சீனாவும் மதுரையும்

சீனாவையும் தமிழ்நாட்டையும் இணைத்தது அச்சு நூல் மட்டுமன்று. ஒரே கேள்வி இரு நாடுகளிலும் எழுந்தது. வேற்று நாட்டில் வாழ்பவர் எந்த அளவுக்கு அந்நாட்டவராக மாறலாம் என்பதே அக்கேள்வி.

இத்தாலியரான மத்தேயு ரிச்சி 1582இல் மக்காவு வந்து சேர்ந்தார். முதலில் பௌத்தத் துறவியரின் உடையை அணிந்தார். சீனச் சமுதாயத்தில் மதிப்புப் பெற்றவர்கள் கன்பூசிய நூல்களைக் கற்ற அறிஞர்களே என்று உணர்ந்தபின், அவ்வறிஞர்களின் உடைக்கு மாறினார். சீன மொழியில் நூல்கள் இயற்றினார். 1610இல் பீகிங்கில் இறந்தபோது, சீன மன்னர் அவரது கல்லறைக்கு இடம் அளித்தார். ஏறத்தாழ அதே காலத்தில், 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி காவியுடை உடுத்து, மரக்கறி உணவு உண்டு, தமிழும் வடமொழியும் கற்றுத் தத்துவ போதகர் எனப் பெயர் பூண்டார். ஒருவர் செய்ததை மற்றவர் அருகிருந்து கண்டவரல்லர். எனினும் இருவர் வாழ்வும் ஒரே திசையில் சென்றன.

இப்போக்கை எல்லோரும் ஏற்கவில்லை. திருத்தந்தையின் தூதராக வந்த துர்னோன் 1704இல் புதுச்சேரியில் தங்கி, தமிழ்நாட்டு வழக்கங்கள் பலவற்றுக்குத் தடை விதித்தார். பின்னர்ச் சீனா சென்று, முன்னோர் வழிபாடு முதலிய அந்நாட்டு வழக்கங்களையும் தடுத்தார். ஆவூரைத் தோற்றுவித்த பூஷேயே உரோமுக்குச் சென்று தமிழ்நாட்டு வழக்கங்களுக்காக வாதாடினார். இங்கு ஒன்றைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. நாட்டு வழக்கம் என்னும் பெயரில் சாதி வேறுபாடுகளும் அந்நாளில் ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தன. ஒடுக்கப்பட்ட மக்கள் நோயுற்றால் அவர்தம் இல்லங்களுக்கே சென்று பணிசெய்ய வேண்டும் என்பதும் துர்னோனின் ஆணைகளுள் ஒன்று. எனவே, ஒரு பக்கம் அறிவும் மறுபக்கம் அறியாமையும் நின்று மோதிய வழக்காக இதனைக் கருத முடியாது.

இவ்வழக்கு முடிவுறாமல் நீண்டுகொண்டிருந்த காலத்தில்தான் இத்தாலியிலிருந்து இளந்துறவி ஒருவர் கப்பலேறினார்.

கடல் கடந்த இளைஞர்

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, வட இத்தாலியில் மாந்துவா நகருக்கு அண்மையிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பிறந்தார். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். பொலோஞாவில் இறையியல் கற்று 1709இல் குருவானார். இலத்தீன், கிரேக்கம் முதலிய மொழிகளில் தேர்ந்தவர். அக்காலக் கல்விமுறைப்படி இலத்தீன் கவிதைகளையும் அணியிலக்கணத்தையும் ஆழ்ந்து பயின்றவர். இப்பயிற்சி பிற்காலத்தில் தமிழ்க் காப்பியம் ஒன்றுக்கு அடித்தளமாகும் என்று அப்போது யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

லிஸ்பனிலிருந்து புறப்பட்டு 1710இல் கோவாவை அடைந்தார். 1711இல் மதுரைப் பகுதிக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. தைரியநாதர் என்று பெயர் சூட்டிக்கொண்டார். கான்ஸ்டன்டைன் என்னும் சொல்லில் உள்ள உறுதி என்னும் பொருளைத் தழுவியது அப்பெயர். ஆனால் பெயரை மாற்றிக்கொள்வது எளிது. அப்பெயரால் அழைக்கப்படும்போது இயல்பாகத் திரும்பிப் பார்க்கப் பழகுவதற்கு ஆண்டுகள் பல ஆகும்.

தொடக்க ஆண்டுகள் துன்பம் நிறைந்தவை. காமநாயக்கன்பட்டி முதலிய ஊர்களில் பணியாற்றிய அவர், 1714-15இல் எதிர்ப்புக்கு ஆளாகிச் சிறைப்பட்டார். மரண தண்டனையின் விளிம்புவரை சென்று மீண்டார். அதன்பின் அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. கடற்கரையில் ஐரோப்பியக் கோட்டைகளின் பாதுகாப்பில் வாழலாம். அல்லது உள்நாட்டிலேயே தங்கி, தம்மைச் சிறைப்படுத்திய சமுதாயத்தை அதன் மொழிவழியே அறியலாம். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார்.

இரண்டு தமிழ்

பேச்சுத் தமிழைக் கற்பது அயலாருக்கு அரிதன்று. கடைத்தெருவும் வயல்வெளியும் அதனைக் கற்பித்துவிடும். செந்தமிழ் அவ்வாறானதன்று. பேசுவோர் பல்லாயிரவர் இருப்பினும் நூல்களைப் பொருளுணர்ந்து கற்றவர் சிலரே என்பதைப் பெஸ்கி விரைவில் கண்டார். ஆகவே ஆசிரியரைத் தேடினார். கூளப்பநாயக்கன் காதல் பாடிய சுப்பிரதீபக் கவிராயரிடம் அவர் பாடம் கேட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. முப்பது வயதைக் கடந்தவர், தம் நாட்டில் பிறருக்குக் கற்பித்தவர், ஓலைச்சுவடியோடு தமிழ்ப் புலவர் முன் மாணவராக அமர்ந்தார். கற்பிக்க வந்தவர் கற்கத் தொடங்கிய நாள் அது.

சுவடிகளைப் படித்தபோது ஓர் இடர் அவரைத் தடுத்தது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் இருந்தன. ஒகரமும் ஓகாரமும் அவ்வாறே. குற்றெழுத்துக்குப் புள்ளி இட வேண்டும் என்பது பழைய மரபு. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று ஏடெழுதுவோர் அதனை விட்டுவிட்டனர். தமிழர்க்கு இது இடராகத் தோன்றவில்லை. இடம் நோக்கிப் பொருள் கொண்டனர். ஒவ்வொரு சொல்லையும் புதிதாகச் சந்தித்த அயலார்க்கு மட்டுமே அது சுவராக நின்றது. நெட்டெழுத்துக்குத் தனி வடிவம் தந்தார் பெஸ்கி. உயிர்மெய்யில் குறிலுக்கு ஒற்றைக் கொம்பும் நெடிலுக்கு இரட்டைக் கொம்பும் அமைந்தன. இன்று நாம் எழுதும் ஏ, ஓ, கே, கோ ஆகியவற்றில் அவர் கைவண்ணம் இருக்கிறது. அயலாராக இருந்து தடுமாறியதே இச்சீர்திருத்தத்துக்குக் காரணமாயிற்று என்பது எண்ணத்தக்கது.

தேம்பாவணி

எலாக்குறிச்சி, இன்றைய அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரைக்கு அண்மையில் உள்ள ஊர். அதற்குத் திருக்காவலூர் என்று பெயரிட்ட பெஸ்கி, அவ்வூரின் மீது கலம்பகம் பாடினார். நாட்டுப்புறப் பெண்கள் பாடி மகிழும் அம்மானை வடிவில் கித்தேரியம்மாள் அம்மானையை இயற்றினார். கலம்பகம் புலவர்க்கு உரியது. அம்மானை எளிய மக்களுக்கு உரியது. இரு சாராரின் இலக்கியத்தையும் அவர் கைக்கொண்டார்.

எனினும் அவர் வாழ்வின் பெரும் படைப்பு தேம்பாவணியே. மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட அக்காப்பியம் 1726இல் நிறைவுற்றது. தமிழ்நாட்டுக்கு வந்து பதினைந்தே ஆண்டுகள் ஆன ஒருவர் அதனைப் பாடினார். இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பரே காப்பியத் தலைவர். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயரின் பொருளை உணர்ந்து, வளன் என்று அவரைத் தமிழாக்கினார். திருமுழுக்கு யோவான் கருணையன் ஆனார். தேம்பாவணி என்பதைத் தேன் போன்ற பாக்களால் ஆன அணி எனவும், வாடாத மாலை எனவும் இருவகையாகப் பிரித்துப் பொருள் கொள்வர்.

பெயர்களைத் தமிழாக்கியதைவிட வியப்பூட்டுவது நிலத்தைத் தமிழாக்கியதாகும். கதை நிகழ்வது யூதேயா நாட்டில். பெஸ்கி அந்நாட்டைக் கண்டதில்லை. பொதுவாக அது வறண்ட மலைகளும் ஒலிவ மரங்களும் கொண்ட நாடு. ஆனால் தேம்பாவணியின் நாட்டுப்படலத்தில் மழை பொழிந்து ஆறு பெருகுகிறது. வயலில் நெல் விளைகிறது. மருதநிலச் செழிப்பு விரிகிறது. சிந்தாமணியிலும் கம்பனிலும் ஆழ்ந்த ஒருவர், நாடு என்றால் இவ்வாறுதான் பாட வேண்டும் எனக் கருதியது இயல்பே. காப்பிய மரபு அதனைக் கோரியது என்று சொல்லி இதனை முடித்துவிடலாம். ஆயினும் மற்றொன்றும் தோன்றுகிறது. தம் மறைநூலில் சிறுவயது முதல் படித்த புனித நாட்டைக் கற்பனையில் காண முயன்றபோது, அவர் கண்முன் எழுந்தது இத்தாலியின் திராட்சைத் தோட்டமன்று. கொள்ளிடக் கரையின் நெல்வயல். ஒருவர் எந்த நாட்டில் வாழ்கிறார் என்பதை அவர் உடை காட்டும். எந்த நாடு அவருள் வாழ்கிறது என்பதை இத்தகைய இடங்களே காட்டும்.

மாணவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். தமிழ்க் காப்பியம் பாடுவதற்கு யாப்பு மட்டும் போதாது. எதுகைக்கு ஏற்ற சொல் தேடும்போது, அச்சொல்லைச் சுமந்து வந்த நூற்றாண்டுகளின் எண்ணமும் உடன் வரும். அறம், அருள், துறவு, வினை முதலிய சொற்களை எடுத்தாள்பவர், வள்ளுவர் முதலாகச் சமண முனிவர் ஈறாகப் பலரும் அச்சொற்களுக்குத் தந்த பொருளையும் ஏற்றே ஆக வேண்டும். பெஸ்கி தம் சமயத்தைத் தமிழில் சொல்ல வந்தார். தமிழும் தன்னை அவர் வழியாகச் சொல்லிக்கொண்டது.

இலக்கணமும் அகராதியும்

திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார், காமத்துப்பாலை விட்டுவிட்டார். துறவு அவருக்கு இட்ட எல்லை அது. பின்னாளில் ஜி. யு. போப் குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது இந்த இலத்தீன் பெயர்ப்பு அவருக்கு உதவியது. எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கணத்தையும் கூறும் தொன்னூல் விளக்கத்தை 1730இல் இயற்றினார். குட்டித் தொல்காப்பியம் என்று அதனைப் புலவர்கள் போற்றினர். பேச்சுத் தமிழுக்குக் கொடுந்தமிழ் இலக்கணம், இலக்கியத் தமிழுக்குச் செந்தமிழ் இலக்கணம் என இலத்தீனில் தனித்தனி நூல்கள் எழுதினார்.

1732இல் அமைந்த சதுரகராதியைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். அதுவரை சொற்பொருள் அறிய நிகண்டுகளே துணை. அவை பாடல்களால் ஆனவை. மனப்பாடம் செய்தவருக்கே அவை பயன்படும்; ஆசிரியரிடம் இருந்து கற்றவருக்கே கதவு திறக்கும். பெஸ்கி சொற்களை அகரவரிசையில் அடுக்கினார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக வகுத்தார். இனி எழுத்தறிந்த எவரும் ஆசிரியர் துணையின்றியே ஒரு சொல்லைத் தேடிக் காணலாம். ஏடும் நிகண்டுமாகத் தாம் பட்ட பாட்டை அடுத்து வருபவர் படாதிருக்க அவர் செய்த உதவி இது. அந்த உதவி அயலாருக்கு மட்டுமன்றித் தமிழருக்கும் பயன்பட்டது.

தரங்கம்பாடியோடு ஒரு பூசல்

பெஸ்கியின் வாழ்வை எழுதுவோர் பலர் அவரைக் குறையேதுமற்றவராகக் காட்டுவர். அது அவருக்குப் பெருமை சேர்ப்பதன்று. தரங்கம்பாடியில் 1706 முதல் சீர்திருத்தக் கிறித்தவர்கள் பணியாற்றி வந்தனர். சீகன்பால்கு அங்கே அச்சகம் நிறுவிப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் வெளியிட்டார். அவர்களைக் கடுமையாக எதிர்த்து வேத விளக்கம் முதலிய நூல்களைப் பெஸ்கி எழுதினார். அவர்தம் கொள்கையைத் தாக்கியதோடு நில்லாமல், அவர்தம் தமிழையும் எள்ளினார். செப்பமற்ற தமிழில் மறைநூலைத் தருவது அவருக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது. சமயப் பூசலில் மொழிநடையும் ஒரு குற்றச்சாட்டாகப் புகுந்ததைக் காணும்போது, அவர் தமிழ்ப் புலவராகவே மாறிவிட்டார் என்று புன்னகை செய்யத் தோன்றுகிறது. புலவர்களுக்கே உரிய சினமும் அவருக்கு வந்துவிட்டது!

ஆயினும் வரலாறு வேறொரு வேடிக்கையை வைத்திருந்தது. பெஸ்கியின் கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டவர்கள் அதே தரங்கம்பாடியினர்தாம். கொள்கையில் பகைவராயினும், அயலார் தமிழ் கற்க அதனினும் சிறந்த நூல் இல்லை என்று கண்டு அச்சேற்றினர்.

எண்ண மறந்த ஒருவர்

தமிழ் கற்கும் அயலாருக்காகப் பெஸ்கி எழுதிய நகைச்சுவை நூல் பரமார்த்த குருவின் கதை. தமிழில் உரைநடைக் கதை இலக்கியம் தோன்ற வழிவகுத்த நூல்களுள் ஒன்று அது. 1822இல் பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் இலண்டனில் அதனை அச்சிட்டார். இன்றும் சிறுவர்கள் படித்துச் சிரிக்கின்றனர்.

குருவும் அவர்தம் சீடர் ஐவரும் ஆற்றைக் கடக்க வருகின்றனர். ஆறு விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதிக்கின்றனர். ஒருவாறு கரையேறியபின், அனைவரும் வந்து சேர்ந்தோமா என எண்ணிப் பார்க்கின்றனர். எண்ணுபவர் தம்மை விட்டுவிட்டு மற்றவரை மட்டும் எண்ணுகிறார். ஐவரே தேறுகின்றனர். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று அனைவரும் அலறி அழுகின்றனர். வழிப்போக்கர் ஒருவர் வந்து, ஒவ்வொருவர் முதுகிலும் தடியால் ஓர் அடி வைத்து எண்ணச் சொல்லும்போதுதான் ஆறு பேரும் இருப்பது விளங்குகிறது.

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்பன அச்சீடர் பெயர்கள். இவற்றுள் நான்கு பெயர்கள் அறிவின்மையைக் குறிப்பன. மிலேச்சன் என்பது மட்டும் வேறு. அயல்நாட்டான், நாட்டு வழக்கம் அறியாதவன் என்பது அதன் பொருள். ஐரோப்பியரை இழித்துரைக்க அந்நாளில் வழங்கிய சொற்களுள் அதுவும் ஒன்று. காவியுடை உடுத்தாலும் காப்பியம் பாடினாலும், அப்பெயரின் நிழல் பெஸ்கியை முற்றிலும் விட்டு நீங்கியிருக்காது. அச்சொல்லை அவர் மறைக்கவில்லை. மறுத்து வாதிடவும் இல்லை. சீடர்களுள் ஒருவனுக்குப் பெயராக்கி, மற்றவரோடு சேர்த்துச் சிரிப்புக்கு உள்ளாக்கினார். இக்கதை நாட்டுச் சமயக் குருமாரை எள்ளுவதற்காக எழுதப்பட்டது என்பாரும் உளர். அக்கருத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் எள்ளுபவர் கரையில் தனியே நிற்கவில்லை என்பதையும் அந்த ஒரு பெயர் சொல்கிறது. தம்மை எண்ண மறந்த கூட்டத்தில், எழுதியவர் தம்மையும் எண்ணியிருக்கிறார்.

முடிவு ஆண்டுகள்

திருச்சிராப்பள்ளி நாயக்கர் ஆட்சி 1736இல் முடிவுற்றது. சந்தா சாகிபு நகரைக் கைப்பற்றினார். அவரைப் பெஸ்கி நேரில் சந்தித்தார் என்றும், அவரிடம் திவானாகப் பணியாற்றினார் என்றும் கதைகள் உண்டு. தலையில் குல்லாவும் காதில் முத்துக் கடுக்கனும் அணிந்து, புலித்தோல் விரித்த பல்லக்கில் அவர் வலம் வந்தார் என்னும் வருணனையும் அக்கதைகளோடு வருவதே. திவான் பதவிக்கு உறுதியான சான்று இல்லை என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. 1741இல் மராத்தியர் நகரைப் பிடித்துச் சந்தா சாகிபைச் சிறைகொண்டு சென்றனர். பெஸ்கி உள்நாட்டை விட்டு மணப்பாடு முதலிய தென்கடற்கரை ஊர்களுக்குச் சென்றார். இளமையில் அவர் வேண்டாவென்று விட்டுவந்த கடற்கரை முதுமையில் அவருக்குப் புகலிடமாயிற்று.

இதனிடையே அந்தப் பழைய வழக்கும் தீர்ப்புக்கு வந்தது. சீன வழக்கங்களைத் தடைசெய்து 1742இலும், தமிழ்நாட்டு வழக்கங்களைக் கட்டுப்படுத்தி 1744இலும் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இறுதி ஆணைகளைப் பிறப்பித்தார். ரிச்சியும் தெ நொபிலியும் தொடங்கிய பாதையின் பெரும்பகுதி அடைக்கப்பட்டது. பெஸ்கிக்கு அப்போது அறுபது வயது கடந்திருந்தது. எதனை அணிவது, எதனை உண்பது, எந்தச் சடங்கை ஏற்பது என்பவற்றை ஆணைகள் வரையறுத்தன. 3615 பாடல்களும் அகராதியும் இலக்கணமும் எந்த ஆணைக்கும் உட்படாமல் ஏட்டில் இருந்தன.

கேரளத்தில் திருச்சூரை அடுத்த அம்பழக்காட்டில் 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். ஆவூரில் இன்றுள்ள தேவாலயம் எழுந்த ஆண்டும் அதுவே.

எழுபது ஆண்டுகள் கழித்து, சென்னையில் இருந்த எல்லிஸ் என்னும் ஆங்கில அறிஞர், பெஸ்கியின் நூல்களைத் தேடித் திரட்டும்படி முத்துசாமிப் பிள்ளையைத் தென்னாட்டுக்கு அனுப்பினார். ஏடுகளோடு ஊரார் சொன்ன செய்திகளையும் அவர் திரட்டி, 1822இல் வரலாறாக எழுதினார். ஊரார் நினைவில் பெஸ்கி என்னும் இத்தாலியர் பெரும்பாலும் இல்லை. பல்லக்கில் செல்லும் துறவியும், புலவர்களோடு சொற்போர் புரியும் முனிவரும் இருந்தனர். பிற்கால ஆய்வு அச்செய்திகள் சிலவற்றைத் திருத்தியது. இறந்த இடத்தையும் ஆண்டையுமே மாற்ற நேர்ந்தது. 1968இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றபோது, மெரினா கடற்கரையில் தமிழ்ச் சான்றோர் வரிசையில் அவருக்கும் சிலை நிறுவப்பட்டது. திருவள்ளுவரும் கம்பரும் ஔவையாரும் நிற்கும் அவ்வரிசையில், நீண்ட அங்கியோடு நிற்பவரின் பீடத்தில் பொறிக்கப்பட்டுள்ள பெயர் வீரமாமுனிவர்.